கப்பலில் எந்தப் பந்தி?

கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டி முடித்த கையோடு ஒரு கேள்வி வரும். இரவுச் சாப்பாடு எப்போது? ஐந்தரை, ஆறு மணிக்கு முதல் பந்தியா? எட்டு மணிவாக்கில் இரண்டாம் பந்தியா? இல்லை, தோன்றும் நேரத்தில் போய் உட்காரும் முறையா? அறைக்குப் பால்கனி வேண்டுமா வேண்டாமா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்கூட இந்த இடத்தில் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு ஏழு ராத்திரியும் அதை அனுபவிக்கிறார்கள்.

நாங்கள் ஹூஸ்டன்வாசிகள். கால்வெஸ்டன் துறைமுகம் காரில் ஒரு மணி நேரம். விமான டிக்கெட் செலவு மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காகத் தொடங்கிய பழக்கம் இது. இப்போது ஒன்பது முறை ஆகிவிட்டது. வரும் டிசம்பரில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து போகிறோம். எந்தப் பந்தி என்று வாட்ஸ்அப்பில் பத்து நாளாகப் பஞ்சாயத்து நடக்கிறது. அதற்கு எழுத ஆரம்பித்த பதில்தான் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

முதலில் ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி கப்பல் ஏறுகிறவர்கள் பேச்சுக்குப் பேச்சு 'எம்.டி.ஆர்.' என்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு பெங்களூரின் மாவல்லி டிபன் ரூமும் ரவா இட்லி மிக்ஸ் பாக்கெட்டும்தான் கண்ணில் வந்தன. 'அடடே, கப்பலிலேயே இருக்கா!' என்று மனைவியிடம் சொல்லியும்விட்டேன். இது மெயின் டைனிங் ரூம். வெள்ளைத் துணி விரித்த மேசை, ஆளுக்கு நான்கு கரண்டி, சூப்பில் தொடங்கி இனிப்பில் முடியும் சாப்பாடு. டிக்கெட் பணத்திலேயே அடக்கம். பஃபேயும் அப்படியே, பீட்சா மூலையும் அப்படியே, பல கப்பல்களில் பர்கர் கடையும் அப்படியே. தனியாகக் காசு கேட்பவை ஸ்டேக் ஹவுஸ், இத்தாலிய உணவகம், சுஷிக் கடை போன்றவை. ஆக, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான்கு வழி: நேரம் குறித்த பந்தி, நேரம் குறிக்காத பந்தி, பஃபே, காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேரம் குறித்த பந்தி, அதிலும் இரண்டாம் பந்தி. பந்திக்கு முந்தச் சொன்ன பெரியவர்கள் கரீபியன் கடலில் போனதில்லை.

குறித்த பந்தி என்றால் நேரம் மட்டுமல்ல, மேசையும் மாறாது. அதைவிட முக்கியம், சர்வரும் அவருடைய உதவியாளரும் மாறமாட்டார்கள். முதல் இரவு அவர்களுக்கு நீங்கள் யாரோ. இரண்டாம் இரவு பெயர் தெரிந்திருக்கும். மூன்றாம் இரவுதான் விஷயம் இருக்கிறது.

அம்மா முதல்முறை எங்களோடு வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எழுபத்திரண்டு வயது, சுத்த சைவம், கடைசியில் தயிர் சாதம் இல்லாவிட்டால் சாப்பிட்ட கணக்கே கிடையாது. எங்கள் சர்வர் இந்தோனேசியாக்காரர். அம்மா அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டுத் தமிழிலேயே பேசினார், அவர் அவருடைய ஆங்கிலத்தில் பதில் சொன்னார், எப்படியோ ஓடியது. முதல் இரவு வெறும் சோறும் தயிரும் வேண்டும் என்று நான் விளக்கியபோது பழத் தயிர் வந்தது, ஸ்ட்ராபெர்ரி போட்டு. அம்மா முகம் போன போக்கைப் பார்த்ததும் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் இனிப்பில்லாத தயிர் வந்தது, ஆனால் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு. மூன்றாம் நாள் நாங்கள் உட்காரும்போதே மேசையில் ஒரு கிண்ணம் தயிர், மூடி வைத்த சோறு, ஓரத்தில் நறுக்கிய பச்சை மிளகாய். பச்சை மிளகாயை நாங்கள் கேட்கவே இல்லை.

இது பஃபேயில் நடக்காது. நேரம் குறிக்காத பந்தியிலும் நடப்பது கஷ்டம், அங்கே தினம் ஒரு சர்வர், தினம் முதல் இரவு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். மெனுவில் இருப்பது மட்டும்தான் கிடைக்கும் என்று நினைத்து வாரம் முழுக்கப் பாஸ்தா தின்று திரும்பியவர்கள் நிறையப் பேர். கப்பல்களில் சமையல்கட்டிலும் சாப்பாட்டு அறையிலும் இந்தியர்கள் கணிசம். கோவாக்காரர்கள், கேரளத்தவர்கள், மும்பைவாசிகள். ஹெட் வெயிட்டரிடம் முதல் இரவே 'நாளைக்கு இந்திய சைவச் சாப்பாடு கிடைக்குமா?' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. பருப்பு, ஒரு கறி, பாஸ்மதி சோறு, சில நாள் அப்பளம். சரவண பவன் ருசியை எதிர்பார்க்காதீர்கள். வட இந்தியக் கல்யாண வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும், காரம் சொல்லிச் சொல்லித்தான் ஏறும். கார்னிவல் கம்பெனியின் கப்பல்களில் இந்திய சைவத் தட்டு ஒன்று இரவு மெனுவிலேயே நெடுங்காலமாக இருந்து வருகிறது. மற்ற பல இடங்களில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். முந்தின நாளே சொல்வது முக்கியம், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் இடத்தில் உட்கார்ந்த பிறகு கேட்டால் அவர்களும் என்ன செய்வார்கள்? வெங்காயம் பூண்டு இல்லாத ஜைனச் சாப்பாடு என்றால் பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே கம்பெனிக்கு எழுதிவிடுங்கள்.

சரி, முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா? சிறு குழந்தைகள் இருந்தால் முதல் பந்தி. விவாதமே வேண்டாம், எட்டே காலுக்கு உட்காரும் ஐந்து வயதுப் பிள்ளை இனிப்பு வருவதற்குள் மேசையில் தலை சாய்த்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரை போட்டு நேரத்துக்குச் சாப்பிடும் பெரியவர்களுக்கும் அதுவே நல்லது. ஆனால் கப்பல் மாலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் மெக்சிகோவின் கோசுமெல் தீவை விட்டுக் கிளம்பும். நீங்கள் உப்புத் தண்ணீரும் மணலுமாகத் திரும்பி வந்து, எல்லோரும் ஒரே குளியலறையில் முறை வைத்துக் குளித்து, ஐந்தரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மதியம் மூன்று மணிக்குத் தின்ற பீட்சா வேறு வயிற்றில் இருக்கும். இரண்டாம் பந்தியில் இந்த ஓட்டம் இல்லை. இன்னொன்று, முதல் பந்தியின் சர்வர் அடுத்த பந்திக்கு மேசையைத் தயார் செய்தாக வேண்டும். வாயால் யாரும் விரட்டமாட்டார்கள். தட்டை எடுக்கும் வேகத்தில் தெரியும்.

மத்தியதரைக் கடலிலும் அலாஸ்காவிலும் கரையில் இருக்கும் நேரம் இன்னும் நீளம். அங்கே முதல் பந்தி எடுப்பது, ஊர் பார்க்கப் போய்விட்டுப் பாதியில் ஓடி வருவதற்குச் சமம்.

மேசையை அந்நியர்களோடு பகிர்வது பற்றி நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. நானும் மனைவியும் மட்டும் போன ஒரு பயணத்தில் எட்டுப் பேர் மேசையில் போட்டார்கள். பக்கத்தில் ஓய்வுபெற்ற தம்பதி, ராயல் கரீபியன் கம்பெனி தன் நெடுநாள் வாடிக்கையாளர்களுக்குத் தரும் பினக்கிள் அட்டை வைத்திருந்தார்கள். அதற்கு 700 புள்ளிகள் வேண்டும். சாதாரண அறையில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய இரண்டு வருட வாழ்க்கை கடலில். அரசியல், மதம், பேரப்பிள்ளைகள் எதுவும் பேசவில்லை. ஏழு இரவும் சாப்பாடுதான். எந்தக் கப்பலில் மாட்டிறைச்சி சாண்ட்விச் நன்றாக இருக்கும், சிங்கி இறால் எந்த இரவு வரும், ஐஸ்கிரீமுக்கு மேல் முட்டை நுரை பூசிச் சுட்ட பேக்டு அலாஸ்காவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சர்வர்கள் ஊர்வலம் போன காலம், நள்ளிரவுப் பஃபே இருந்த பொற்காலம். ஊரில் பழைய கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித் தாத்தாக்கள் பேசுவது போலவே இருந்தது. அந்த அம்மையார் சொன்ன ஒன்றை இன்றுவரை பின்பற்றுகிறேன்: எது நன்றாக இருக்கும் என்று சர்வரிடம் கேட்காதே, எதைத் தவிர்க்கலாம் என்று கேள். உண்மை வரும். மெயின் தட்டு எதுவும் பிடிக்கவில்லையென்றால் முன்தட்டுகள் மூன்றை வாங்கிச் சாப்பிடலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பல கப்பல்களில் குளிர்ந்த ஸ்ட்ராபெர்ரி சூப் ஒன்று தருவார்கள். சூப் என்று நம்பிக் கேட்காதீர்கள், அது கிண்ணத்தில் வந்த மில்க் ஷேக்.

நேரம் குறிக்காத பந்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நார்வீஜியன் கம்பெனி 2000-ஆம் ஆண்டிலேயே குறித்த நேரம் என்பதை எடுத்துவிட்டு இதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் இரண்டு முறையும் உண்டு. நினைத்தபோது சாப்பிடலாம் என்பது சரிதான். நீங்கள் ஏழரைக்கு நினைக்கும்போது இன்னும் எண்ணூறு பேரும் ஏழரைக்குத்தான் நினைக்கிறார்கள். ஒரு கப்பலில், பெயர் வேண்டாம், ஆறு பேருக்கு மேசை கேட்டு நாற்பது நிமிடம் நின்றோம். பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே போய் பர்கர் தின்றுவிட்டு வந்தான். அப்போதும் நாங்கள் நின்றுகொண்டுதான் இருந்தோம். இரண்டு பேர் என்றால் இந்தச் சிக்கல் குறைவு. ஆறே காலுக்கு முன்போ எட்டரைக்குப் பின்போ போகிறவர்களுக்கும் குறைவு. இருவராகப் போகும் இளம் தம்பதிகள் இதைத் தாராளமாக எடுக்கலாம். ஒரு யுக்தி உண்டு: பிடித்த சர்வர் அமைந்தால் அடுத்த நாளும் அவர் பகுதியிலேயே உட்கார வைக்கச் சொல்லலாம், கூட்டம் இல்லாவிட்டால் செய்வார்கள். ஆனால் அப்படிச் செய்ய ஆரம்பித்தால் நீங்கள் குறித்த பந்தி ஆள் என்று அர்த்தம்.

டிஸ்னி கப்பல்களில் நடுவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இரவும் வேறு உணவகம், ஆனால் சர்வர் உங்களோடு கூடவே வருவார். யோசித்தவர் புத்திசாலி. டிக்கெட் விலையைப் பார்த்தால் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பஃபேக்கு வருவோம். ராயல் கரீபியனில் விண்ட்ஜாமர், கார்னிவலில் லிடோ. பலபேர் இதை இளக்காரமாகப் பேசுவார்கள், நான் பேசமாட்டேன். விண்ட்ஜாமரில் பருப்பு, கறி, பாஸ்மதி சோறு, நான் ரொட்டி என்று இந்திய வகைகள் தென்படுவது வழக்கம். சாப்பாட்டு அறைக்கு நீளக் கால்சட்டை மாட்டிக்கொள்ளச் சோம்பலாக இருக்கும் ராத்திரிக்கு, கடலைப் பார்த்த ஜன்னலோரம், இரண்டு கரண்டி பருப்பு சாதம், அப்புறம் தூக்கம். மதியத்துக்கும் காலைக்கும் அதுவே போதும். ஆனால் ஏழு ராத்திரியும் அங்கேயே என்றால் நான்காம் நாள் எல்லாம் ஒரே ருசியாகத் தெரிய ஆரம்பிக்கும். அம்மா மாதிரி ஆசாரம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொந்தரவு: கோழியில் கிடந்த கரண்டியை யாரோ எடுத்துக் காய்கறியில் போட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அம்மா அங்கே வாழைப்பழம் மட்டும்தான் எடுப்பார்.

கை கழுவுவதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். வயிற்றைக் கலக்கும் நோரோ வைரஸ் வந்தால் விடுமுறை குளியலறையில்தான். வாசலில் பிசுக்கென்று அடிக்கும் ஆல்கஹால் திரவம் அதை முழுதாகக் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் வழி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்களை நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி திடீர்ச் சோதனை போட்டு நூற்றுக்கு மதிப்பெண் தருகிறது. 86 எடுத்தால் பாஸ், 85 என்றால் ஃபெயில். எந்தக் கப்பல் எவ்வளவு எடுத்தது என்று அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். என் மனைவி பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

ஏறும் நாள் மதியம் பஃபே பக்கம் போகாதீர்கள். பெட்டி இன்னும் அறைக்கு வந்திருக்காது, முதுகுப் பையோடு கப்பலே அங்கேதான் நிற்கும். அந்த நேரம் கார்னிவலில் என்றால் கைஸ் பர்கருக்கோ புளூ இகுவானாவின் மெக்சிகன் கடைக்கோ போங்கள், இரண்டும் இலவசம். ராயல் கரீபியனின் ஒயாசிஸ் வகைக் கப்பல் என்றால் பார்க் கஃபே. கப்பல் நடுவில் மரம் செடியோடு ஒரு தோட்டம், அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்.

கடைசியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகங்கள். ஸ்டேக் ஹவுஸில் ஆளுக்கு 50 முதல் 80 டாலர் வரை ஆகும், மேலே 18 அல்லது 20 சதவீதம் டிப்ஸ். நான்கு பேர் குடும்பம் ஓர் இரவு போனால் ஹூஸ்டனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்டில் இரண்டு மாதத்துக்கு ஓட்டல் சாப்பாடு. இறைச்சி விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் ஒரே ஓர் இரவு போகலாம். மாட்டிறைச்சியின் தரத்தில் வித்தியாசம் நாக்குக்கே தெரிகிறது, கூட்டமும் சத்தமும் இல்லை. சைவக்காரர்கள் ஸ்டேக் ஹவுஸுக்குப் போவது புடவைக் கடையில் வேட்டி தேடுவது போல. அறுபது டாலர் கொடுத்துக் காளானும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு வந்த என் மனைவி அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் இத்தாலியக் கடை. ரிசோட்டோ, கத்தரிக்காய், நல்ல ரொட்டி, சைவத்துக்கு வழி இருக்கிறது.

இத்தனை இரவு சாப்பிடலாம் என்று பேக்கேஜாக விற்பார்கள். கிளம்புவதற்கு முன் இணையத்தில் வாங்கினால் விலை குறைவாக இருக்கும், நவம்பர் கடைசித் தள்ளுபடியில் இன்னும் இறங்கும். மூன்று இரவுப் பேக்கேஜ் இருவருக்குப் பரவாயில்லை. எல்லா இரவுக்கும் வாங்குவதில் ஒரு கோளாறு: ஏற்கெனவே டிக்கெட்டில் கட்டிய சாப்பாட்டைத் தொடாமல் விட்டுவிட்டு, இன்னொரு தடவை கட்டுகிறீர்கள். தினப்படி டிப்ஸ் வேறு ஆளுக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பங்கு நீங்கள் போகாத சாப்பாட்டு அறையின் சர்வருக்கு. அவருக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. போய் உட்கார்ந்து அவர் கையால் சாப்பிட்டிருக்கலாமே என்றுதான்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் ஐந்தாவது வழியும் நம்மவர்களிடம் உண்டு. ரைஸ் குக்கர், கெட்டில் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். கப்பலில் நெருப்புதான் பெரிய பயம். ஸ்கேனிலேயே பிடித்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம் போன்ற வீட்டுச் சமையலுக்கும் அனுமதி இல்லை. கடையில் வாங்கிய, முத்திரை உடைக்காத பாக்கெட்டுகளைப் பொதுவாக விடுகிறார்கள். ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு போதும். கப்பல் சோறு, கப்பல் தயிர், நம் ஊறுகாய்: நடுக்கடலில் அதற்கு மேல் என்ன வேண்டும்? பாக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கோசுமெல் கரையில் மட்டும் இறங்கிவிடாதீர்கள், சாப்பாட்டுப் பொருளுக்குச் சோதனை உண்டு.

நேரம் தவறாகப் பதிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கிளம்பும்வரை செயலியில் மாற்றிப் பார்க்கலாம். முடியாவிட்டால் ஏறிய நாள் பிற்பகலே சாப்பாட்டு அறை வாசலுக்குப் போய் மேலாளரைப் பாருங்கள். இரண்டாம் பந்திக்கு இடம் பெரும்பாலும் இருக்கும், எல்லோரும் முதல் பந்திக்குத்தான் முட்டுகிறார்கள். குடும்பங்கள் ஒன்றாக உட்கார வேண்டுமானால் முன்பதிவு எண்களை இணைக்கச் சொல்லிக் கம்பெனிக்கு முன்கூட்டியே தொலைபேசுங்கள். கப்பலில் ஏறிய பிறகு பன்னிரண்டு பேருக்கு மேசை தேடுவது அவர்களுக்கும் தலைவலி.

டிசம்பருக்கு எங்கள் வீடும் இன்னொரு வீடும் இரண்டாம் பந்தி. கைக்குழந்தை உள்ள வீடு முதல் பந்தி. புதுசாகக் கல்யாணமான ஜோடி நேரம் குறிக்காமல் விட்டிருக்கிறது, நல்லது. மதியம் எல்லோரும் பஃபேயில் சந்திப்போம். ஸ்டேக் ஹவுஸுக்கு நானும் பையனும் ஒரு நாள் மதியம் மட்டும் போவதாக அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்கு ஹில்கிராஃப்ட் கடையில் ஊறுகாய் பாக்கெட் வாங்கியாகிவிட்டது. போன தடவை வந்த அந்தத் தம்பிதானே இந்தத் தடவையும் வருவான் என்று கேட்கிறார். இது வேறு கப்பல் என்று நான் இன்னும் சொல்லவில்லை.